கடிக்கிற குழந்தையும் பிடுங்குகிற குழந்தையும்: வீட்டுக் காப்பகம் நடத்தும் ஒருவருக்குப் பதில்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் அது உதவும். கோவையில் உங்கள் வீட்டுக் கூடத்திலேயே ஐந்து குழந்தைகளைப் பகல் முழுவதும் பார்த்துக்கொள்கிறீர்கள். எல்லோரும் ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயதுக்குள். இரண்டு வயதை நெருங்கும் ஒரு பையன் மற்றவர்களைக் கடிக்கிறான். எந்தப் பொம்மையை எடுத்தாலும் பிடுங்கலும் அழுகையும்தான். உட்காரவைத்து ஏதாவது விளையாடச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் எழுந்து, கையில் கிடைப்பதை வீசுகிறார்கள். டிவி போட்டால் மட்டுமே வீடு அடங்குகிறது. கடிக்கிற பையனின் தாயாரோ, "இரண்டு போடு போடுங்கள், சரியாகிவிடுவான்" என்கிறார். இவர்களை எப்படி அடக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அடக்குவது என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். நானும் நெடுங்காலமாக வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள்தான். இந்த வயதுக் குழந்தையின் நடத்தையில் பெரும்பகுதியை முடிவு செய்வது பசி, தூக்கம், இடநெருக்கடி, பெரியவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பவைதான். தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும் திறனுக்கான மூளைப் பகுதி இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருப்பது. இரண்டு வயதில் அது அப்போதுதான் அரும்பியிருக்கிறது. "சொன்னால் கேட்பதில்லை" என்று நாம் சொல்லும் பல நேரங்களில், குழந்தை கேட்டிருக்கும். கேட்டபடி கையை நிறுத்தத்தான் அதற்கு இன்னும் வராது. ஆகவே குறும்பு நடந்த பிறகு என்ன தண்டனை தருவது என்பதைவிட, அதற்கு முந்தைய இரண்டு நிமிடத்தில் என்ன நடந்தது என்பதே நமக்கு முக்கியம்.

கடிப்பதை எடுத்துக்கொள்வோம். ஒரு வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடையில் கடிப்பது மிகவும் சாதாரணம். கோரைப் பற்கள் ஏறத்தாழ 16 முதல் 22 மாதங்களுக்குள் வெளிவரும். கடைசிக் கடைவாய்ப் பற்கள் 23 முதல் 33 மாதங்களுக்குள் வரும். உங்கள் பையன் சரியாக இந்த இடைவெளியில் இருக்கிறான். ஈறு வலியும் காரணமாக இருக்கலாம். ஆனால் பல்லை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. "தள்ளிப் போ", "அது என்னுடையது", "எனக்குத் தூக்கம் வருகிறது" என்று சொல்ல அவனுக்கு இன்னும் சொல் போதாது. வாய் முந்திக்கொள்கிறது. சில குழந்தைகள் மகிழ்ச்சி பொங்கும்போதும் கடிக்கும், கட்டிப்பிடித்துக்கொண்டே கடிக்கும். ஆகவே இவனை முரடன் என்று யாரும் அழைக்க விடாதீர்கள், குறிப்பாக அவன் காதில் விழும்படி.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை கடிக்கும்போதும், கடிக்கப் போய் நீங்கள் தடுத்தபோதும், நேரம், இடம், பக்கத்தில் இருந்தவர், கையில் இருந்த பொருள், சற்று முன் நடந்தது ஆகியவற்றை ஒரு வரியில் எழுதுங்கள். ஓரிரு வாரத்தில் ஒரு ஒழுங்கு கண்ணுக்குத் தெரியும். நான் பார்த்தவரை அது பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய அரை மணி நேரம்; கதவோரம், கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே என்று இரண்டு பேர் நெருக்கியடிக்கும் மூலை; அல்லது நீங்கள் அடுப்பைப் பார்க்கச் சமையலறைக்குள் போன நேரம். முதலாவது என்றால் சாப்பாட்டை இருபது நிமிடம் முன்னால் கொண்டுவாருங்கள். இரண்டாவது என்றால் அந்தக் கட்டிலை நகர்த்துங்கள். மூன்றாவது என்றால், குழந்தைகள் வரும் முன்பே சமையலை முடித்துவிடுங்கள், இல்லையெனில் அந்த வேளைக்கு மட்டும் ஒருவரை உதவிக்கு வைத்துக்கொள்ளுங்கள். காப்பகச் செலவில் முதலில் ஒதுக்க வேண்டிய தொகை அதுதான் என்பது என் உறுதியான கருத்து. பொம்மை வாங்குவது பிறகு ஆகட்டும்.

கண்டுபிடிக்கும்வரை அவனைக் கை எட்டும் தூரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். கடிக்கப் போகும் முன் உடல் இறுகும், கண் ஓரிடத்தில் நிற்கும், வாய் லேசாகத் திறக்கும். அந்தக் கணத்தில் உள்ளங்கையை இடையில் வைத்துவிட்டு, "உனக்கு அந்த வண்டி வேண்டுமா? 'தா' என்று கேள்" என்று அவன் சொல்ல வேண்டிய சொல்லை அவன் சார்பில் நீங்கள் சொல்லுங்கள். குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியோ, கடிப்பதற்கென்றே விற்கும் ரப்பர் வளையமோ அவனுக்கெனத் தனியாக இருக்கட்டும். பச்சைக் கேரட் துண்டைக் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

அப்படியும் கடித்துவிட்டால் முதலில் கடிபட்ட குழந்தையிடம் போங்கள். தூக்கி அணைத்து, காயத்தைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, ஈரத்துணி ஒத்துங்கள். தோல் கிழிந்து இரத்தம் வந்திருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். மனிதப் பல்லால் ஆன காயத்தில் கிருமி எளிதில் பற்றும். அதன் பிறகு கடித்தவனிடம், அவன் உயரத்துக்குக் குனிந்து, சிரிக்காமல், கத்தாமல், "கடித்தால் வலிக்கும். கடிக்க விடமாட்டேன்" என்று மட்டும் சொல்லுங்கள். அவ்வளவு போதும். நீண்ட அறிவுரை அவனுக்கு வெறும் சத்தம். பதிலுக்குக் கடித்துக் காட்டுவது, நாக்கில் மிளகாய் வைப்பது, மூலையில் நிறுத்துவது எதுவும் வேண்டாம். பூச்சாண்டி, போலீஸ், ஊசி போடும் டாக்டர் என்று பயமுறுத்துவதும் வேண்டாம். பயந்த குழந்தை இன்னும் அதிகமாகக் கடிக்கும். நாளை உண்மையாகவே மருத்துவரிடம் போகும்போது படும் பாடு வேறு.

"ஸாரி சொல்லு" என்று வற்புறுத்துவதையும் நான் ஏற்பதில்லை. இரண்டு வயதில் அந்தச் சொல் தப்பிக்கும் சாவியாகிவிடும். அடித்துவிட்டு ஸாரி சொல்லிவிட்டு மறுபடி அடிப்பார்கள். அதற்குப் பதிலாக ஈரத்துணியை எடுத்து வரச் சொல்லுங்கள். விரும்பினால் அவனே ஒத்தடம் கொடுக்கட்டும், விரும்பாவிட்டால் விடுங்கள்.

இனி பிடுங்கல். இந்த வயதில் குழந்தைகள் சேர்ந்து விளையாடுவார்கள் என்ற எதிர்பார்ப்பே சண்டையின் பாதிக் காரணம். அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் குழந்தைகளின் விளையாட்டை நெடுநேரம் கவனித்து 1932இல் ஒரு வரிசையை எழுதினார்: தனித்து விளையாடுதல், மற்றவரைப் பார்த்துக்கொண்டிருத்தல், அருகருகே ஒரே மாதிரி விளையாடுதல், பிறகு கலந்து விளையாடுதல், கடைசியில் திட்டமிட்டுச் சேர்ந்து விளையாடுதல். வயதோடு கச்சிதமாகப் பொருந்தும் படிகள் அல்ல இவை என்று பின்னால் வந்தவர்கள் திருத்தியிருக்கிறார்கள். ஆனால் உங்கள் கூடத்தில் நீங்கள் அதிகம் பார்ப்பது அந்த மூன்றாவதுதான். பஸ்ஸில் அடுத்தடுத்த இருக்கையில் பேசாமல் ஒரே ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வருகிறவர்களைப் போல, ஒருவருக்கொருவர் பக்கத்தில், ஆனால் தனித்தனியாக. அதுவே அவர்களுக்குத் தோழமை.

அதனால் ஐந்து விதமான பொம்மைகளை ஒவ்வொன்றாக வாங்குவதைவிட ஒரே மாதிரி வாளி நான்கு வாங்குவது மேல். நிறமும் ஒன்றாக இருக்கட்டும். சிவப்பு வாளிக்காகவே ஒரு போர் நடக்கும். இருவரும் ஒரே பொருளைப் பிடித்து இழுக்கும்போது நீதிபதியாகித் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பொருளின் மேல் உங்கள் கையை வையுங்கள், இழுப்பது நிற்கும். "இரண்டு பேருக்கும் வேண்டும். இப்போது இவள் கையில் இருக்கிறது. இவள் முடித்ததும் உனக்கு" என்று சொல்லுங்கள். முடித்தது எப்போது என்பதை அவளே சொல்லட்டும். "நீ பெரியவள், விட்டுக்கொடு" என்று மூன்று வயதுக்காரியிடம் சொல்வதை நம் வீடுகளில் மிகச் சாதாரணமாகச் செய்கிறோம். மூன்று வயது பெரிய வயதே அல்ல. அவளும் உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட குழந்தைதான். காத்திருப்பவன் அழுதால் அழட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். தானாகவே ஒரு பொருளைக் கொடுக்கும்போது குழந்தையின் முகத்தைப் பாருங்கள். பிடுங்கிக் கொடுத்த பொருளில் அந்த முகம் கிடைக்காது.

வீட்டிலிருந்து கொண்டுவரும் பொம்மை, போர்வைத் துணி போன்றவற்றைப் பகிரச் சொல்லவே கூடாது. பெயர் எழுதிய பையில் வைத்து, அவரவர் கேட்கும்போது அவரவருக்கு மட்டும் கொடுங்கள்.

ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடுகிறார்கள், எல்லாவற்றையும் வீசுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்களை உற்றுப் பாருங்கள். ஒருத்தி டப்பாவில் எதையாவது நிரப்பிக் கொட்டி, மறுபடி நிரப்புவாள். ஒருவன் வாசலில் இருந்து சமையலறைக்கும் சமையலறையில் இருந்து வாசலுக்கும் செருப்புகளைச் சுமப்பான். இன்னொருவன் கையில் கிடைத்ததை வீசி, அது எங்கே போய் விழுகிறது என்று பார்ப்பான். எடை, தூரம், உள்ளே, வெளியே, மேலே, கீழே என்பதெல்லாம் அவர்கள் உடம்புக்கு இப்படித்தான் புரிகிறது. வீசுகிறவனிடம் "வீசாதே" என்று பத்து முறை சொல்வதைவிட, பழைய சாக்ஸைச் சுருட்டி உருண்டைகளாக்கி, ஒரு துணிக்கூடையைச் சுவரோரம் வைத்து, "இதற்குள் போடு" என்று காட்டுவது வேலை செய்யும். சுமக்கிறவனுக்குக் கைப்பிடி வைத்த பைகளைக் கொடுங்கள். கொட்டுகிறவளுக்கு மூடியுள்ள டப்பாக்கள். செய்யக் கூடாததை மட்டும் சொன்னால் குழந்தை நடுவழியில் நிற்கும். செய்யக்கூடியதைக் காட்டினால் உடனே அதைப் பிடித்துக்கொள்ளும்.

பொம்மைக்காகப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. எவர்சில்வர் டம்ளர், கரண்டி, இட்லித் தட்டு, வடிகட்டி, புனல், முறம், அட்டைப்பெட்டி, பழைய துப்பட்டா இவையே போதும். சப்பாத்தி மாவைப் பிசைந்து கொடுங்கள். ஒரு அகலத் தாம்பாளத்தில் ரவையைப் பரப்பினால் விரலால் கோடு போட்டபடி நெடுநேரம் இருப்பார்கள். மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் சில ஆண்டுகள் தங்கினார். அவர் வழியின் விலையுயர்ந்த சாதனங்களை வாங்க முடியாவிட்டாலும் அதன் அடிப்படைகளை எந்த வீட்டிலும் கொண்டுவரலாம்: குழந்தையின் கை எட்டும் தாழ்வான அலமாரி, ஒவ்வொரு பொருளுக்கும் ஓரிடம், வெளியே ஒரே நேரத்தில் சில பொருள்கள் மட்டும், நிஜமான வீட்டு வேலை. துணி மடிப்பது, மேசை துடைப்பது, பட்டாணி உரித்த தோலைக் கூடையில் போடுவது எல்லாம் அவர்களுக்கு வேலை அல்ல. மிச்சமிருக்கும் பொம்மைகளை மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டு, வாரம் ஒருமுறை மாற்றுங்கள்.

இங்கே பாதுகாப்பைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. புளியங்கொட்டை, பொட்டுக்கடலை, வேர்க்கடலை, பாசிமணி, பல்லாங்குழிச் சோழி எதுவும் மூன்று வயதுக்குட்பட்டவர்கள் இருக்கும் அறையில் கூடாது. மூன்று சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதலான அகலமுள்ள குழாய்க்குள் நுழையும் எந்தப் பொருளும் மூச்சை அடைக்கலாம். சொப்புச் சாமான் எனக்கும் பிரியமானதுதான், ஆனால் அதன் சின்னச் சின்ன மூடிகளைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டிக் கொடுங்கள். ரிமோட், விளையாட்டுப் பொம்மை ஆகியவற்றில் உள்ள பொத்தான் போன்ற வட்ட பேட்டரியை விழுங்கினால் உணவுக்குழாய் இரண்டு மணி நேரத்திலேயே வெந்து புண்ணாகிவிடும்; வெளியே தெரியும் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். தண்ணீர் விளையாட்டு அவர்களை அமைதிப்படுத்துவதில் நிகரற்றது. ஆனால் வாளியில் சில அங்குலத் தண்ணீரே ஒரு குழந்தை மூழ்கப் போதும். விளையாட்டு முடிந்த நொடியே கவிழ்த்துவிடுங்கள். காலிங் பெல் அடித்தால் குழந்தையையும் தூக்கிக்கொண்டே கதவைத் திறங்கள்.

நீங்களும் தரையில் உட்கார வேண்டும். அவர்கள் விளையாட்டை நீங்கள் இயக்க வேண்டாம், உட்கார்ந்தாலே போதும். ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் 1946இல் எம்மி பிக்லர் என்ற குழந்தை மருத்துவர் ஒரு குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். அங்கே துணி மாற்றும்போதும், ஊட்டும்போதும், குளிப்பாட்டும்போதும் பராமரிப்பவர் அவசரப்படாமல் அந்த ஒரு குழந்தையோடு முழுக்கவனத்தோடு இருப்பார். விளையாடும்போது அதைத் தன் போக்கில் விட்டுவிடுவார். அந்த வழி எவ்வளவு சரி என்பது தினமும் தெரிகிறது. டயப்பர் மாற்றும் அந்தச் சில நிமிடங்களில் "இப்போது காலைத் தூக்கப் போகிறேன்" என்று சொல்லி, உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, கிச்சுக்கிச்சு மூட்டிச் சிரிக்கவைத்து அனுப்பினால், அந்தக் குழந்தை அடுத்த அரை மணி நேரம் உங்கள் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுக்காது. ஐந்து பேருக்கும் நாள் முழுவதும் கவனம் தர யாராலும் முடியாது. ஒவ்வொருவருக்கும் தினம் சில முறை முழுதாகத் தர முடியும்.

நாளின் ஒழுங்கு மாறாமல் இருக்கட்டும். மணி முக்கியமில்லை, வரிசை முக்கியம்: வருகை, சிற்றுண்டி, வெளியே ஓட்டம், கைகழுவல், சாப்பாடு, தூக்கம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடங்களில்தான் அழுகை வெடிக்கும். ஆகவே முன்கூட்டியே சொல்லுங்கள்: "இன்னும் இரண்டு முறை சறுக்கிவிட்டு உள்ளே போகிறோம்." கைகழுவ ஐந்து பேரையும் வரிசையில் நிற்கவைக்காதீர்கள், வரிசை என்பது இந்த வயதுக்குத் தண்டனை. ஒருவர் கழுவும்போது மற்றவர்கள் விளையாடிக்கொண்டிருக்கட்டும். காலையில் விட வரும் பெற்றோர், குழந்தை பார்க்காத நேரத்தில் நழுவிப் போவதை அனுமதிக்காதீர்கள். சொல்லிக்கொண்டு போனால் குழந்தை அழும்தான், ஆனால் அந்த அழுகை அடங்கும். நழுவிப் போனால், எப்போது யார் காணாமல் போவார்களோ என்று நாள் முழுவதும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

மாலை ஐந்து மணிக்கு மேல்தான் மிகக் கடினம். ஒவ்வொரு முறை பெல் அடிக்கும்போதும் ஐந்து பேரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஒருத்தியின் அம்மா வருவார், நால்வர் ஏமாறுவார்கள். அந்த நேரத்தில் புதிய விளையாட்டோ, ஒழுக்கப் பாடமோ வேண்டாம். முகம் கழுவி, வயிற்றுக்கு ஏதாவது கொடுத்து, திண்ணையிலோ மொட்டை மாடியிலோ பாட்டுப் பாடிக்கொண்டு இருங்கள்.

தரையில் விழுந்து புரண்டு அழும் குழந்தையிடம் காரணம் கேட்காதீர்கள். தலை மோதாத இடமா என்று பார்த்துவிட்டு அருகில் உட்காருங்கள். "கோபமாக இருக்கிறது, நான் இங்கேதான் இருக்கிறேன்." மூச்சு சீரானதும் தண்ணீர் கொடுங்கள். மறுத்ததை அழுகைக்காகக் கொடுக்கவும் வேண்டாம், அழுததற்காகத் தண்டிக்கவும் வேண்டாம்.

டிவி விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி இரண்டு வயது நிரம்பாதவர்களுக்குத் திரையே வேண்டாம்; இரண்டு வயதில் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள், அதிலும் குறைந்தால் நல்லது. இந்த வயதுக்கு நாளில் மூன்று மணி நேரமாவது உடல் அசைவும், இரவும் பகலுமாகச் சேர்த்து 11 முதல் 14 மணி நேரத் தூக்கமும் வேண்டும் என்றும் அது சொல்கிறது. அந்த ஒரு மணி நேரம் பெரும்பாலும் அவர்கள் வீட்டிலேயே தீர்ந்துவிடுகிறது. உங்கள் வீட்டுக்கு மிச்சம் எதுவும் இல்லை. அதுவுமல்லாமல், டிவி முன்னால் அடங்கியிருந்த குழந்தைகள் அதை அணைத்ததும் எப்படியிருக்கிறார்கள் என்று உங்கள் நோட்டில் எழுதிப் பாருங்கள். நிறுத்தினால் முதல் சில நாள் கூச்சல் கூடும். அந்த நாள்களுக்குத் தண்ணீரையும் மாவையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தாயாருக்கு என்ன பதில் சொல்வது? அடிக்க மாட்டேன் என்பதைப் பணிவாகவும் தெளிவாகவும் சொல்லிவிடுங்கள். அடித்துக் கடிப்பதை நிறுத்த முயன்றால், பெரிய உடம்பு சின்ன உடம்பை வலிக்கச் செய்யலாம் என்றுதான் அவன் கற்றுக்கொள்வான். அடித்தால் சட்டமும் உங்கள் பக்கம் இருக்காது: 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 75ஆவது பிரிவு, தன் பொறுப்பில் உள்ள குழந்தையைத் தாக்குவதற்கு மூன்றாண்டு வரை சிறை என்கிறது, குழந்தைகளைப் பராமரிக்கும் நிறுவனத்தை நடத்துபவரோ அங்கே வேலை செய்பவரோ என்றால் ஐந்தாண்டு வரை. தாயே சொன்னார் என்பது உங்களைக் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். ஆனால் அவரிடம் சட்டம் பேசாமல், நோட்டைக் காட்டிப் பேசுங்கள். "சாப்பாட்டுக்கு முன்னால்தான் நடக்கிறது, காலையில் என்ன சாப்பிடுகிறான், எத்தனை மணிக்குத் தூங்குகிறான்?" என்று கேட்டால் அவர் முகம் மாறும். நாள் முழுவதும் அலுவலகத்தில் இருந்துவிட்டு, மாலையில் தன் குழந்தையைப் பற்றிய புகாரை வாசலில் நின்று கேட்கும் பெண்ணின் வெட்கம்தான் "இரண்டு போடு போடுங்கள்" என்று பேசுகிறது. அவனைப் பற்றி ஒரு நல்ல செய்தியாவது தினமும் சொல்லுங்கள், அது உண்மையானதாக இருக்கட்டும்.

கடிபட்ட குழந்தையின் பெற்றோருக்கு அன்றே, நீங்களே சொல்லிவிடுங்கள். என்ன நடந்தது, என்ன முதலுதவி செய்தீர்கள், நாளை என்ன மாற்றப் போகிறீர்கள் என்ற மூன்றையும் சொல்லுங்கள். கடித்தவன் பெயரை மட்டும் சொல்லாதீர்கள், எவ்வளவு வற்புறுத்தினாலும்.

ஒரு விஷயத்தில் மட்டும் பொறுத்திருக்காதீர்கள். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாதது, ஒன்றரை வயதாகியும் விரல் நீட்டிக் காட்டாதது, இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசாதது, பேசிக்கொண்டிருந்த சொற்களை இழப்பது ஆகியவற்றில் எதைக் கண்டாலும், நீங்களே நோயின் பெயர் எதையும் சொல்லாமல், பார்த்ததை மட்டும் தேதியோடு பெற்றோரிடம் சொல்லுங்கள். குழந்தை மருத்துவரிடமோ, குழந்தைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் அரசின் ஆர்.பி.எஸ்.கே. (ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம்) திட்டத்தின் கீழ் இயங்கும் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்திலோ காட்டச் சொல்லுங்கள். காது கேட்பதையும் சேர்த்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். "பையன்கள் தாமதமாகத்தான் பேசுவார்கள்" என்று பாட்டி சொல்லக்கூடும். அவரையும் உட்காரவைத்து அந்த நோட்டைக் காட்டுங்கள். உங்கள் கடிக்கிற பையன் இதுவரை எத்தனை சொல் பேசுகிறான் என்று நீங்கள் எழுதவில்லை. நாளைக்கே கவனித்துக் குறித்துவிடுங்கள், ஏனென்றால் சொல் குறைவாக இருந்தால் கடியைப் பற்றி நாம் பேசியதில் பாதி அங்கேயிருந்துதான் தொடங்க வேண்டும்.